கிணற்றுக்குள் என்ன ஊற்றுகிறார்கள்?



நாம் பொரியல் செய்து சாப்பிடும் கொத்தவரங்காய்க்கும் அமெரிக்க எரிவாயுக் கிணற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? உண்மைதாங்க!

பூமிக்கு அடியில் ரொம்ப ஆழத்தில் ஷேல் என்ற பாறை உண்டு. அதற்குள் எரிவாயு அடைபட்டுக் கிடக்கும். துளை போட்டு, மணல் கலந்த தண்ணீரை மிக அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். பாறை விரிசல் விடும். விரிசல் மூடாமல் மணல் முட்டுக் கொடுக்கும். வாயு மேலே வரும்.

வெறும் தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடும் அல்லவா? அதனால் கொத்தவரை விதைப் பொடியைக் கலந்து கஞ்சி மாதிரி கெட்டியாக்குகிறார்கள். அந்தப் பொடி பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போகிறது. 1947-இல் கன்சாஸ் மாநிலத்தில் முதலில் சோதித்தபோது, கெட்டியாக்கிய பெட்ரோலையே உள்ளே விட்டார்கள்! அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் கொத்தவரைப் பொடி மட்டும் போவதில்லை. கிருமிக்கொல்லி, துரு பிடிக்காமல் இருக்க மருந்து, உராய்வைக் குறைக்க மருந்து என்று பலதும் சேர்கின்றன. “எல்லாம் சேர்த்தே 2 சதவீதத்துக்குள்தானே” என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிணற்றுக்கு 50 லட்சம் லிட்டர் என்றால், 1 சதவீதமே 50 ஆயிரம் லிட்டர்! இது கொஞ்சமா?

அமெரிக்காவில் 2005-இல் வந்த சட்டம், குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து இந்தத் திரவங்களுக்கு விலக்குக் கொடுத்தது. டீசலுக்கு மட்டும் விலக்கு இல்லை. சில மருந்துகளின் பெயரை வியாபார ரகசியம் என்று மறைக்கவும் முடிகிறது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட என்ன சேர்த்திருக்குன்னு அச்சடிக்கிறாங்க. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குச் சொல்லக் கூடாதா?

இன்னொன்றும் உண்டு. திரவம் திரும்பி மேலே வரும்போது ஆழத்தில் உள்ள உப்பையும் கொண்டுவரும். அதையும் சோதித்து ஊர் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

அதிக வாயு எடுத்துத் தருவது மட்டும் நல்ல திரவம் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று ஊரைக் கூட்டித் தைரியமாகச் சொல்ல முடிந்தால்தான் அது நல்ல திரவம். நம்மில் யாராவது நாளை வேதியியல் படித்து விஞ்ஞானி ஆனால், இதை மறக்காதீங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி