தீபத்துக்கு நெய் உண்டு, ஏற்றுகிறவருக்கு?

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகள்தான். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரியும் தீபத்துக்கு நெய் காணிக்கை வந்து குவிகிறது. உண்டியல் நிறைகிறது. அன்னதானம் நடக்கிறது.

இதே ஊரிலிருந்து பஸ் ஏறி, சுற்றுப்புறக் கிராமம் ஒன்றில் இறங்கினால் காட்சி மாறிவிடும். அங்கேயும் சிவன்தான். ஆனால் பூஜை ஒரு வேளை மட்டும். விளக்கில் எண்ணெய் அரைகுறை. தட்டில் விழும் காசை விரல் விட்டு எண்ணிவிடலாம். பூஜை செய்தவர் கதவைப் பூட்டிக்கொண்டு வேறு பிழைப்பைத் தேடிப் போகவேண்டும்.

ஒரே சாமி, ஒரே மந்திரம், ஒரே தொழில். வருமானம் மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. ஆண்டவனுக்குத் தொண்டு செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி எது, அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி இந்த வித்தியாசத்தில்தான் பிறக்கிறது.

நிலம் போய்ச் சம்பளம் வந்தது

அந்தக் காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அர்ச்சகருக்கு மானிய நிலம், ஓதுவாருக்கு மானிய நிலம், நாதஸ்வரக்காரருக்கும் மானிய நிலம். நிலத்தில் விளைந்த நெல்லே சம்பளம். தட்டில் விழுந்த தட்சிணை மேல்வரும்படி.

பிறகு காலம் மாறியது. பல இடங்களில் நிலம் குத்தகைக்குப் போயிற்று. குத்தகை பாக்கியாக நின்றது. 1963-ல் வந்த சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் பழைய இனாம் முறையை முடித்துவைத்தது. நெல் அளந்த இடத்தில் ரூபாய் நோட்டு வந்தது. ஆனால் விலைவாசி ஏறிய வேகத்தில் அந்த ரூபாய் ஏறவில்லை. மேல்வரும்படியாக இருந்த தட்டுக் காசே பலருக்கு ஜீவனமாகிவிட்டது.

கோர்ட்டு சொன்னது என்ன?

1970-ல் தமிழ்நாடு சர்க்கார் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சேஷம்மாள் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அர்ச்சகரை நியமிப்பது சமயச் சார்பற்ற காரியம். அவர் தர்மகர்த்தாவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கோயில் ஊழியர் என்பது தீர்ப்பின் சாரம். ஆகமப்படி பூஜை நடக்கவேண்டும் என்பதையும் கோர்ட்டு ஒப்புக்கொண்டது.

இந்தத் தீர்ப்பில் அர்ச்சகருக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஊழியர் என்றால் கட்டுப்பாடு மட்டும்தானா? சம்பளம், விடுமுறை, வைத்திய உதவி, ஓய்வூதியம் ஆகியவையும் உண்டல்லவா? கண்டிக்கும்போது ஊழியர், சம்பளம் கேட்கும்போது தொண்டர் என்றால் அது என்ன நியாயம்?

காத்திருந்த 207 பேர்

எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006-ல் சர்க்கார் உத்தரவு வந்தது. அதையொட்டி ஆறு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் ஏற்பட்டன. அவற்றில் ஒன்று திருவண்ணாமலையில் இருக்கிறது. முதல் அணியில் 207 பேர் பயிற்சி முடித்தார்கள். வழக்கு குறுக்கே நின்றது. 2015 டிசம்பரில்தான் சுப்ரீம் கோர்ட்டு முடிவான தீர்ப்பு வழங்கியது. 2018-ல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டு 14-ந் தேதி சர்க்கார் பள்ளிகளில் பயின்ற 24 பேர் நியமனம் பெற்றார்கள்.

படித்து முடித்தவர் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தால் குடும்பம் என்ன ஆகும்? கருவறைக்குள் போகும் உரிமை பெரிய உரிமைதான். ஆனால் உள்ளே போனவருக்கு உலை வைக்க அரிசி வேண்டும். பரம்பரையாக வந்தவராயினும், பயிற்சி பெற்று வந்தவராயினும் பசி ஒன்றுதான். இந்த விஷயத்தில் இரு தரப்பாரும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

ஒரு நாளைக்கு 33 ரூபாய்

வருமானமில்லாத கோயில்களுக்காக ஒருகால பூஜைத் திட்டம் இருக்கிறது. கோயில் பெயரில் ஒரு தொகையை டெபாசிட் செய்து, வட்டியில் பூஜைச் செலவை நடத்துவது திட்டம். 2021-ல் இந்தத் தொகையை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். ஏறத்தாழ 13,000 கோயில்கள் அப்போது திட்டத்தில் இருந்தன. அவற்றின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அதே வருஷம் தொடங்கிற்று.

நல்ல காரியம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லட்சத்துக்கு 6 சதவீத வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய். எண்ணெய், பூ, அரிசி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அர்ச்சகருக்கு வந்த 1,000 ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்கு 33 ரூபாய். அதே 2021-22-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 273 ரூபாய்!

அரை மணி நேரப் பூஜைக்கு முழு நாள் கூலியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அரை மணி நேரம் வருஷத்தில் எல்லா நாளும் வருகிறது. வெளியூர் போக முடியாது. காய்ச்சல் என்றால் மாற்று ஆளை அவரே தேடவேண்டும்.

தட்டா, உண்டியலா?

2025 பிப்ரவரியில் மதுரையில் ஒரு கோயிலில் தட்டில் விழும் காசை உண்டியலில் போடவேண்டும் என்று செயல் அலுவலர் உத்தரவிட்டார். பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. உத்தரவு வாபஸானது.

தட்டுக்காசு முறையில் குறை உண்டு. காசு போட்டவருக்கு ஒரு தரிசனம், போடாதவருக்கு ஒரு தரிசனம் என்ற பேச்சு அதனால்தான் எழுகிறது. கூட்டம் உள்ள சந்நிதிக்கும் இல்லாத சந்நிதிக்கும் ஏற்றத்தாழ்வும் அதனால்தான். ஆனால் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்தால் அது சீர்திருத்தம். கொடுக்காமல் எடுத்தால் அது வயிற்றில் அடிப்பது. முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்யவேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மசூதி இமாம்களுக்கும் இதே தொல்லை இருந்தது. தொழுகை நடத்துவது மார்க்கக் கடமை, அதற்குச் சம்பளம் எதற்கு என்ற வாதத்தை 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. இமாம்களுக்கு ஊதியம் தர மத்திய சர்க்காரும் மத்திய வக்பு வாரியமும் திட்டம் வகுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது.

கிறிஸ்தவத் திருச்சபைகளிலும் இரண்டு விதம் உண்டு. தனித்து இயங்கும் சிறு சபைகளில் போதகர் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை நம்பியிருக்கிறார். பெரிய திருச்சபைகள் பலவற்றில் சபைகளின் பணம் பொதுவில் சேர்ந்து, ஏழைச் சபைப் போதகருக்கும் சம்பளம் போகிறது. இங்கிலாந்தில் இதற்கு வழிகாட்டியது ஒரு பழைய ஏற்பாடு. குருமார்களிடமிருந்து அரசர்கள் வசூலித்து வந்த வரியை 1704-ல் ஆன் அரசி ஏழைக் குருமார்களின் வருமானத்தை உயர்த்த விட்டுக்கொடுத்தார். ஆன் அரசியின் கொடை என்று அந்த நிதிக்குப் பெயர். அது 1948-ல் வேறொரு திருச்சபை நிதியுடன் இணைக்கப்பட்டது. 244 வருஷம் அந்தக் கொடை நடந்திருக்கிறது!

பரிகாரம் என்ன?

நம்மிடமும் வழி இல்லாமலில்லை. 1959-ம் வருஷத்து இந்து அறநிலையச் சட்டத்திலேயே பொதுநல நிதி என்று ஒன்று இருக்கிறது. பணக்காரக் கோயிலின் உபரி, ஏழைக் கோயிலுக்குப் போகலாம். அண்ணாமலையாருக்குக் கொடுத்த காசு வேறு கோயிலுக்கா என்று பக்தர் கேட்பார். கல்யாண மண்டபம் கட்டக் கோயில் பணத்தை எடுப்பதை 2025-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்தது. சமயக் காரியத்துக்கே சமயப் பணம் என்பது அதன் அடிப்படை. அண்டைக் கிராமத்துச் சிவனுக்கு விளக்கேற்றுவதைவிடப் பெரிய சமயக் காரியம் என்ன இருக்கிறது?

ஆகவே மூன்று காரியங்கள் செய்யலாம். ஒன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, பற்றாக்குறையைப் பொதுநல நிதியிலிருந்து ஈடுசெய்வது. இரண்டு, நான்கைந்து சிறு கோயில்களைச் சேர்த்து ஒருவருக்கு முழுநேர வேலையாக்கி, விடுமுறைக்கு மாற்று ஆள் வைப்பது. மூன்று, தண்டிக்கும் முன் விளக்கம் கேட்பது. சட்டம் தரும் மேல்முறையீட்டு உரிமையைக் கடைசி ஊழியருக்கும் எடுத்துச் சொல்வது.

அர்ச்சகர் ஒருவருக்கு மட்டுமல்ல. ஓதுவார், பரிசாரகர், நாதஸ்வரம், தவில், மெய்க்காவல், திருவலகு எல்லோருக்கும் இதே அளவுகோல்தான்.

பக்தர்களுக்கும் இதில் பங்குண்டு. தங்கக் கவசம் சாத்தவும், கும்பாபிஷேகம் நடத்தவும் ஊர் கூடி வசூல் செய்கிறது. அதே ஊர், தன் கோயில் பூசாரியின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று ஒரு நாள் விசாரிக்கட்டும். மலைமேல் ஏற்றும் தீபம் வெகு தூரம் தெரிகிறது. அந்த வெளிச்சம் முதலில் ஏற்றுகிறவர் வீட்டில் விழவேண்டும்.