நடக்கச் சொல்லும் கனவான்களுக்கு

சர்க்கரை நோய் நாக்குக்கு அடிமையானவர்களுக்கு வருவது. அதற்காக வீடு தேடி மாத்திரை கொடுப்பது வரிப்பணத்துக்குப் பிடித்த கேடு என்றொரு வாதம் நெய்வேலிப் பக்கம் நன்றாகவே விலைபோகிறது. டவுன்ஷிப் மரநிழலில் காலை நடையை முடித்துவிட்டுச் சொன்னால் எடுபடத்தானே செய்யும்! சாட்சிக்கு நவுருத் தீவையும் இழுக்கிறார்கள்: பணம் சேர்ந்தது, தின்றார்கள், நோயில் விழுந்தார்களாம்.

பாதிக் கதை. அந்தத் தீவின் நடுப்பகுதியைப் பாஸ்பேட்டுக்காகத் தோண்டித் தீர்த்தார்கள். விளைய நிலமில்லை, அரிசி, சர்க்கரை, டின் இறைச்சி எல்லாம் கப்பலில் வந்தன. 1975 ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் வந்தா இந்த உதாரணத்தைச் சொல்வது?

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, ரேஷன் அரிசிச் சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்கிறார். அவர் எங்கே நடப்பார்? சென்னை–கும்பகோணம் சாலையில் லாரிகளுக்கு நடுவிலா? ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார். இதற்குப் பெயர் ஒழுக்கக்கேடா?

தொற்றா நோய்கள் பற்றிய 2020 ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, தமிழ்நாட்டுச் சர்க்கரை நோயாளிகளில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். மற்ற அத்தனை பேரும் அல்வா தின்றே கெட்டார்களா? அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். தன்னார்வலர் வாசலில் உட்கார்ந்து விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒருநாள் கூலி மிஞ்சும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை மலிவு. சிறுநீரகம் கெட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டில் அதற்கும் இதே வரிப்பணம்தான். எது சிக்கனம்?

சின்ன நாடுதான் வேண்டுமென்றால் மொரீஷியஸைப் பாருங்கள். 1987இல் ரேஷன் எண்ணெயில் பாமாயிலை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெய்க்கு மாறினார்கள். ஐந்தாண்டுகளில் மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு இறங்கியது. அதில் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்துக்கு. சர்க்கரை நோய் குறையவில்லை என்பதும் உண்மை. ஒன்றை மாற்றினால் போதாது, சோறு, வேலை நேரம், பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதல்லவா அதன் பாடம்?

நம் ரேஷனில் இன்னும் பாமாயில்தான். அதைக் கேளுங்கள். அரிசிக்குப் பக்கத்தில் கேழ்வரகு ஏன் எல்லா மாவட்டத்திலும் இல்லை, ஷிஃப்ட் மாறும் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏன் ரத்தப் பரிசோதனை இல்லை என்று கேளுங்கள். அங்கெல்லாம் வாய் திறக்காதவர்கள், தொழிலாளியைப் பார்த்து வாயைக் கட்டச் சொல்ல வேண்டாம்.