காசுள்ளவனின் சுயேச்சை

"அவன்கிட்டதான் கொட்டிக் கெடக்குதே, அவன் எதுக்குப்பா திருடப் போறான்?" உத்திரமேரூர் பக்கம் தேர்தல் வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். பெரியவர்கள் மட்டும் பேசினால் பரவாயில்லை, காலேஜுக்குப் போகிற நம் காலனிப் பிள்ளைகளும் பேசுகிறார்கள். கட்சியெல்லாம் நாறிப்போச்சு, சொந்தக் காசில் நிற்கிற சுயேச்சை வரட்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் புளூம்பெர்க்கை வைத்து ஒரு கூட்டம் பேசியதும் இதேதான்.

புளூம்பெர்க் 2002 முதல் 2013 முடிய நியூயார்க் மேயர். பெரும் கோடீசுவரர். 2008இலும் 2016இலும் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒதுங்கினார். 2020இல் ஜனநாயகக் கட்சி வழியாக நுழைந்தார். 100 கோடி டாலருக்கு மேல் கொட்டியும் ஜெயித்தது அமெரிக்க சமோவா என்ற தீவில் மட்டும். அவருக்குச் சொல்லப்பட்ட பெரிய தகுதி, யாரிடமும் கை நீட்டாதவர், அதனால் யாருக்கும் கட்டுப்படாதவர் என்பது. யாருக்குமே கட்டுப்படாதவன் சேரிக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படுவான்?

கட்டுப்படவில்லை. அவருடைய ஆட்சியில் போலீஸ் தெருவில் போகிறவர்களை நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதனை போட்டது. 2011ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 6,85,000 முறை. நிறுத்தப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் கறுப்பர்களும் லத்தீன் மக்களும். கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பேர் மீது எந்தக் குற்றமும் இல்லை. ராத்திரியில் சைக்கிளை நிறுத்தி "ஊரா, காலனியா?" என்று விசாரிக்கப்பட்ட எவனுக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2013இல் நீதிமன்றம் அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. அப்போதும் அதை நியாயப்படுத்தியவர், 2019 நவம்பரில் கறுப்பர்களின் தேவாலயத்தில் போய் மன்னிப்புக் கேட்டார். அதிபர் தேர்தலில் குதித்தது அதற்கு அடுத்த வாரம்! மேயர் பதவி இரண்டு முறைதான் என்று மக்கள் ஓட்டுப்போட்டு வைத்திருந்த வரம்பையும் 2008இல் நகரமன்றத்தை வைத்து மாற்றி மூன்றாம் முறை நின்றவர் அவர். கட்சி இல்லாததால் தட்டிக்கேட்கவும் ஆள் இல்லை.

சொத்துள்ளவனே ஆளத் தகுந்தவன் என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததல்ல. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, அதுதான். வேட்பாளருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். தாழ்ந்தவரோடு கலந்து பதிதரானவர் பிராயச்சித்தம் செய்யும்வரை நிற்கக் கூடாது. சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பனர் சபை அது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைத்தான் ஜனநாயகத்தின் பெருமையாகச் சொன்னார். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் சபைக்குள் உட்கார்ந்தவன் சபைக்காரனிடம்தான் கணக்குக் காட்டினான். உழுதவனிடம் அல்ல.

கட்சிக்கு மேலே நிற்கும் சுத்தமான மனிதர் என்ற வேஷம் நம் நாட்டிலும் ஒருமுறை குடியரசுத் தலைவர் தேர்தல் வரை போனது. 1997 ஜூலையில் கே.ஆர். நாராயணன் நின்றார், ஜெயித்து அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் ஆனார். எதிர்த்து நின்ற சுயேச்சை, தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன். அவர் கோடீசுவரரும் அல்ல, மேயரும் அல்ல. ஆனால் சரக்கு ஒன்றுதான். சுயேச்சைக்குத் தோள் கொடுத்த கட்சி எது? சிவசேனா! வாக்கு மதிப்பில் 5 சதவீதம் கிடைத்தது.

அந்தத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால், 1997 ஜூன் 30, மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டப்படி முருகேசனும் சுயேச்சைதான். சுய இச்சை என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கோடீசுவரனுக்கு அது எவனுக்கும் பதில் சொல்லாத சுகம். தலித்துக்கு அது பின்னால் ஆள் இல்லாமல் நிற்பது. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் ஆதிக்க சாதியாரே ஒரு தலித்தை நிறுத்தினார்கள், ஜெயித்த உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அவர்களும் சுயேச்சைகள்தான்.

மேயராக இருந்தவர் நம்மிலும் உண்டு. என். சிவராஜ், 1945இல் சென்னை மேயர். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பையும் பிறகு இந்தியக் குடியரசுக் கட்சியையும் தலைமையேற்று நடத்தியவர், 1957இல் நம் செங்கல்பட்டிலிருந்தே நாடாளுமன்றம் போனவர். பணத்தை நம்பியல்ல, அமைப்பை நம்பிப் போனார். இன்றைய பிள்ளைகளுக்குப் புளூம்பெர்க் தெரிகிறது, சிவராஜ் தெரியவில்லை.

அடுத்த ஊராட்சித் தேர்தலில், "சொந்தக் காசுல நிக்கிறேன், யார்கிட்டயும் வாங்கல" என்று ஒருவர் காலனிக்குள் வருவார். வரட்டும், உட்கார வைப்போம். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால் நமக்குக் கிடைத்த நிலம் பஞ்சமி நிலம். காரணையில் அதை மீட்கப் போன போராட்டத்தில் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வருகிறவரிடம் கேட்போம்: ஐயா, உங்க பட்டாவுல பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர்?