பாலா, கறுவாவா?

எங்கள் வீட்டில் விருந்தாளிக்குப் பால் தேத்தண்ணி, வீட்டாருக்குப் பிளேன்டி. இஞ்சியோ ஏலமோ போட்டால் யாருக்கோ தடிமன் என்று அர்த்தம். யார் போட்ட சட்டமோ தெரியாது, பல வீடுகளில் இதுதான் நடைமுறை. இந்தச் சட்டம் மாறவேண்டும் என்பது என் கருத்து.

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபாவானது. கடையில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி 100 ரூபா. நான் அப்போது தரம் 9. உம்மா ஒரு நாள் கறுவாத் துண்டு, மறுநாள் இரண்டு கராம்பு என்று கையில் அகப்பட்டதைத் தேயிலையோடு போட்டுத் தருவார். நாங்களும் ரசித்துத்தான் குடித்தோம். பால்மா மறுபடி தாராளமாகக் கிடைத்ததும் அந்தக் கறுவாப் போத்தல் அலுமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது. ருசிக்காகக் குடித்ததை, இல்லாமையால் குடித்ததாகக் கணக்கு எழுதிவிட்டோம்.

கடந்த நோன்பு விடுமுறையில் ஒரு இரவு அந்தப் போத்தலைத் திரும்ப எடுத்தேன். தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பதற்குச் சர்வதேச நியமம் ஒன்று உண்டு: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். எங்களிடம் தராசு இல்லை, மட்டக் கரண்டிதான். தேயிலை சுவைப்பவர்கள் சத்தமாக உறிஞ்சித்தான் குடிப்பார்களாம். தம்பிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மற்ற நாளென்றால் உம்மாவிடம் அடி வாங்கியிருப்பான்.

முதலில் சீனி இல்லாமல் குடித்தோம். பச்சை இஞ்சியைவிட வேர்க்கொம்பு தொண்டையில் கூடுதலாக எரித்தது. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரோல், காரம் கூடிய ஷோகயோலாக மாறுவதே காரணம். ஏலக்காயைக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும், இறக்கிய பிறகுதான் தட்டிப் போடவேண்டும். கராம்பு நான்கு கோப்பைக்கு ஒன்று போதும். இரண்டாவதைப் போட்டால் பல்லுவலி மருந்து மணக்கும்.

கறுவாதான் எங்களை ஆச்சரியப்படுத்தியது. கடையில் வாங்கிய தடித்த பட்டை உண்மையில் நம் நாட்டுக் கறுவா அல்ல, கசியா. நம் கறுவா கடதாசி போல மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். அதைப் போட்ட கோப்பையைக் குடித்துவிட்டு, "இதுக்கு யார் சீனி போட்டது?" என்று தம்பி கேட்டான். யாரும் போடவில்லை. வீட்டில் நீரிழிவுக்காரர் உள்ள பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிறகு எல்லாவற்றிலும் பாலை ஊற்றினோம். ஏறக்குறைய எல்லாம் ஒரே ருசி! பாலின் கேசீன் புரதம் தேயிலையின் தனின்களைப் பிணைத்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கிவிடுகிறது. இத்தனை வருடமாக நாங்கள் குடித்தது பாலும் சீனியும்தான் போலும். (தோழியருக்கு ஒரு வார்த்தை: எந்தத் தேத்தண்ணியானாலும் சோற்றோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவது குறையும்.)

அடுத்த வாரம் வாப்பாவின் கூட்டாளி வந்தபோது துணிந்து கறுவாப் பிளேன்டி கொடுத்தேன். அவர் இன்னொரு கோப்பை கேட்டார். ஆனால் அவர் போனதும் உம்மும்மா, "வந்த மனிசனுக்கு வெறும் சாயத்தண்ணியா குடுக்கிற?" என்று கோபித்தார்.

ஏன் இவ்வளவு கோபம் என்று இரவில்தான் தெரிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மும்மாவும் தண்ணீரூற்றிலிருந்து உடுத்த உடையோடு புத்தளம் போனவர். முகாமில் ஒரு நாள் ஊர்க்காரர் ஒருவர் தேடி வந்திருக்கிறார். கொடுக்க இருந்தது அரைக் கோப்பைப் பிளேன்டி, சீனியும் இல்லை. "இன்னொருக்கா எனக்கெண்டு ஒரு வீடு கிடைச்சா, வாற ஆருக்கும் பால் இல்லாமக் குடுக்கமாட்டேன் எண்டு அண்டைக்கு நினைச்சன்" என்றார். எனக்கு வாதாட வாய் வரவில்லை.

என்றாலும் ஒன்று சொல்லிப் பார்த்தேன். 1344இல் அதே புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, கரையெல்லாம் கறுவா மரத்துண்டுகள் மேடு மேடாகக் கிடந்ததாக எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் உம்மும்மா கேட்டது: "அவருக்கு ஆராவது தேத்தண்ணி குடுத்தவங்களா?"

"அப்ப இங்க தேயிலைத் தோட்டமே இல்ல உம்மும்மா. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில நட்டது 1867இலதான்."

"பார்த்தியா, பாவம்!" என்றார்.

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. முகாமில் உம்மும்மாவைச் சுட்டது பிளேன்டி அல்ல, கொடுக்க வேறொன்றும் இல்லாத நிலைமை. இன்று பாலும் இருக்கும்போது, தெரிந்தெடுத்துக் கொடுக்கும் கறுவாத் தேத்தண்ணியில் என்ன குறை? இப்போது யார் வந்தாலும், "பாலா, கறுவாவா?" என்று கேட்டே ஊற்றுகிறேன். உம்மும்மா மட்டும் குசினி வாசலில் நின்று, பால்மாப் பேணியைக் கண்ணால் காட்டிக்கொண்டே இருக்கிறார்.