சாப்பிடும் பூவும் வியாபாரியின் வாக்கும்

வெலிமடையில் விதையும் பசளையும் கிருமிநாசினியும் விற்பவன் நான். உருளைக்கிழங்குக்கு எந்த மருந்து, கரட்டுக்கு எந்தப் பசளை என்று கேட்டால் நித்திரையிலும் பதில் சொல்வேன். ஆனால் பூவைச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால், வாழைப்பூவையும் அகத்திப்பூவையும் விட்டால் வேறென்ன இருக்கிறது என்று சிரிப்பவனாகத்தான் இருந்தேன். இன்று எனது வீட்டுப் பின்வளவில் மூன்று பாத்திகளில் காட்டுப் பான்சி பூத்து நிற்கிறது. இதை எழுதுவது அதில் கண்ட இலாபத்தைச் சொல்வதற்காக அல்ல. அதில் நான் செய்யப் பார்த்த ஒரு பிழையைச் சொல்வதற்காகவே.

2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்ததை மலைநாட்டு வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடக் கடைசியில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்து மீண்டும் கடையை வெறுமையாக்கியது. என்னிடம் மிஞ்சியவற்றுள் சில பூ விதைப் பைக்கற்றுகளும் இருந்தன. அந்த நேரத்தில்தான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் எனது தங்கையின் மகன் வந்து, "மாமா, இந்தப் பான்சிப் பூவை நாங்கள் கேக்குக்கு மேலேயும் சலாதிலும் வைக்கிறோம். நல்ல பூ கிடைப்பதுதான் கஷ்டம். நீங்கள் வளர்த்துத் தாருங்களேன்" என்றான். சும்மா கிடக்கும் விதைதானே என்று போட்டேன்.

இது ஐரோப்பாவின் செடி. ஊதா, மஞ்சள், வெள்ளை மூன்றும் ஒரே பூவில் இருக்கும். பூங்காக்களில் நாம் காணும் பெரிய பான்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்தச் சிறு காட்டுப் பூவைக் கலப்புச் செய்து உண்டாக்கியது. குளிர் இதற்கு அவசியம். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் வரும். கொழும்பிலும் காத்தான்குடியிலும் உள்ளவர்கள் வீணாகக் காசைப் போட வேண்டாம்.

விதை கடுகிலும் சிறியது. கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து தட்டில் நிரப்பி, விதையைத் தூவி, அரை சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் மண்ணால் மூட வேண்டும். இருட்டில்தான் நன்றாக முளைக்கும் என்பதால் தட்டின் மேல் ஒரு காட்போட் துண்டை வைத்தேன். 15 முதல் 20 பாகை வரை வெப்பம் இருந்தால் இரண்டு, மூன்று கிழமைகளில் முளைவிடும். முளை தெரிந்தவுடன் மூடியை எடுத்துவிட வேண்டும். நாலைந்து இலை வந்ததும் ஒரு சாண் இடைவெளியில் நடலாம். விதைத்து மூன்று மாதமளவில் பூக்கும். பூவைப் பறிக்கப் பறிக்கப் புதிதாகப் பூக்கும். பறிக்காமல் விட்டால் காய்த்து, காய் மூன்றாகப் பிளந்து விதை தெறிக்கும். அடுத்த தடவைக்கு விதை வாங்கத் தேவையில்லை. பெரிய எதிரி நத்தைதான். இரவில் டோர்ச்சுடன் போய்ப் பொறுக்கினேன். மருந்து போடவில்லை.

எனது கன்றுகளில் நாலு இலை வந்திருந்தபோது மருமகன் கோல் எடுத்தான். பத்து நாளில் ஒரு கலியாண விருந்து, முன்னூறு பூ வேண்டும் என்றான். என்னிடம் பூ இல்லை. பக்கத்துப் பூக்கன்றுத் தோட்டத்தில் பான்சி குவிந்து கிடந்தது. வாங்கிப் பறித்து அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஓடர் போய்விடக் கூடாதே என்ற அவசரம்.

போய் விலை பேசினேன். "தம்பி, இதுக்கு என்ன அடிச்சீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "உங்கட கடையில வாங்கினதுதான் முதலாளி" என்று இரண்டு பெயரைச் சொன்னார். அதில் ஒன்று செடிக்குள்ளேயே ஊறி இலைக்கும் பூவுக்கும் போகும் மருந்து. அதைக் கழுவிப் போக்க முடியாது. அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று போத்தலில் தக்காளிக்கும் கிழங்குக்கும் போட்டிருக்கும். அழகுப் பூவுக்குப் போட்டிருக்காது. அதை எவரும் வாயில் வைப்பதில்லையே! அவர் செய்ததில் ஒரு பிழையுமில்லை, அவர் பார்க்கிறதுக்குத்தான் பூ விற்கிறார். அதைச் சாப்பிடுகிறதுக்கு என்று விற்கப் போனவன் நான்தான்.

மருமகனுக்குக் கோல் எடுத்து, "மகன், என்னிடம் பூ இல்லை, ஆறு கிழமை செல்லும்" என்றேன். ஓடர் போய்விட்டது. ஆனால் அடுத்த முறை குசினிப் பொறுப்பாளர் என்னிடம்தான் கேட்டார். இல்லையென்று சொன்ன ஆளின் "இருக்கு" என்ற வார்த்தையை நம்பலாம் என்றாராம்.

வர்த்தக சகோதரர்களே, இது சிறிய சந்தை. ஒருவர் தொடங்கினால் அந்தத் தெருவில் பத்துப் பேர் தொடங்கும் நமது பழக்கத்தை இதில் காட்டினால் எல்லாருடைய பூவும் வாடிவிடும். பறித்த பூ குளிர்ப்பெட்டியிலும் சில நாட்களே தாங்கும். ஆகவே முதலில் வாங்குபவரைத் தேடுங்கள், பிறகு விதையைத் தேடுங்கள். பூவை மட்டும் விற்க வேண்டும், வேரையும் விதையையும் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது. ஆபிரிக்கன் வயலட் என்று சட்டியில் வைப்பது வேறு செடி, அதை இதனுடன் குழப்ப வேண்டாம்.

தராசில் எடை குறைப்பதை நாமெல்லோரும் மோசடி என்கிறோம். பார்ப்பதற்கு வளர்த்ததைச் சாப்பிடுவதற்கு என்று விற்பதும் அதே மோசடிதான். ஆனால் அதை எந்தத் தராசும் காட்டாது. விற்கிறவனுக்கு மட்டுந்தான் தெரியும்.