நோயாளி பிதற்றும்போது



ஈரல் நோயால் படுத்திருக்கும் வாப்பா பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருக்கிறார். பெற்ற மகளின் பெயரை மறக்கிறார். கலிமா சொல்லிக் கொடுத்தால் கோபப்படுகிறார். இதைக் கண்டு, "ஜின்னின் வேலை" என்று தாயத்துத் தேடுவோரும், "முடிவு கெட்டுப் போனதோ" என்று அழுவோரும் நம்மிடையே உண்டு.

காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். நாம் உண்ணும் புரதச் சத்திலிருந்து குடலில் அமோனியா என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. அதை யூரியாவாக மாற்றுவது ஈரல். அந்த யூரியா சிறுநீரோடு வெளியேறிவிடும். ஈரல் தளர்ந்தால் அமோனியா இரத்தத்தில் கூடி மூளையைத் தாக்கும். புத்தி தடுமாறும், கைகள் நடுங்கும், முற்றினால் நினைவே தப்பிவிடும்.

ஈரல் பலவீனமானவருக்கு இந்நிலையைத் தூண்டுபவை மலச்சிக்கல், வயிற்றினுள் இரத்தக்கசிவு, கிருமித் தொற்று, உடலில் நீர் வற்றுதல், தூக்க மாத்திரை ஆகியவை. மலம் தார்போல் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போருக்கு, ஈரல் நன்றாக இருந்தும் அமோனியா கூடுவதுண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேட் மருந்து, சிலவகைக் கிருமிகள், பிறவிக் குறைபாடு ஆகியவை அதற்குக் காரணமாகலாம். ஆகவே நோயாளி குடித்த மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஈரல் நோயாளிக்கு லக்டுலோஸ் என்ற இனிப்புப் பாணியைக் கொடுப்பார்கள். நாளுக்கு 2 அல்லது 3 தடவை இளக்கமாக மலம் போவதற்கே அது. "வயிற்றோட்டம்" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதிகம் போனால் டாக்டரைக் கேளுங்கள். புரதத்துக்குப் பயந்து பட்டினி போடவும் வேண்டாம். உடல் இன்னும் நலிந்துவிடும்.

ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள், மருந்தையும் கொடுங்கள். நோய்க்கு மருந்து செய்யுமாறு நமக்குச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே. புத்தி நீங்கிய நிலையில் நாவில் வருவதற்கு அல்லாஹ்விடம் குற்றமில்லை. அந்நிலையில் சொன்ன தலாக்கும் செல்லாது. கலிமாவை வற்புறுத்தாமல் அருகிலிருந்து மெதுவாகச் சொல்லுங்கள். அவர் பிதற்றியதை வீட்டுக்கு வெளியே கொண்டு போகாதீர்கள். அது உங்களிடமுள்ள அமானிதம்.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.