கொழும்பிலும் ஒரு நாவலப்பிட்டி வாக்குப்பெட்டி

2010 ஏப்ரல் 8ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில், வாக்கெடுப்பு முடிந்து பல நாள்களாகியும் கண்டி மாவட்டத்தின் இறுதி முடிவு வெளியாகவில்லை. நாவலப்பிட்டியில் நடந்த வன்முறைகளால் 37 வாக்களிப்பு நிலையங்களின் வாக்கெடுப்பை அன்றைய தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க ரத்துச் செய்திருந்தார். ஏப்ரல் 20ஆம் திகதி மறுவாக்கெடுப்பு நடந்த பின்னரே கணக்கு முடிந்தது. இதை நாவலப்பிட்டியின் தலைகுனிவாக மட்டும் நினைவுகூருவது வழக்கம். ஆனால் அதே நிகழ்ச்சி வேறொன்றையும் நிரூபித்தது. வாக்களிப்பு ஊரறிய ஒரு பொது இடத்தில், கட்சி முகவர்களும் கண்காணிப்பாளர்களும் பார்த்திருக்க நடந்தபடியால்தான் நடந்த அநியாயம் வெளியே தெரிந்தது. பன்னிரண்டே நாள்களில் திருத்தவும் முடிந்தது. நான்கு சுவருக்குள் வீட்டு மேசையில் நிரப்பிய சீட்டுகளாக இருந்திருந்தால் முறையிடச் சாட்சி ஏது?

நேரில் சென்று வாக்களிப்பது மலையக மக்களுக்கு வெறும் சடங்கல்ல. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையின் பயனாக, 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நாவலப்பிட்டி அவற்றில் ஒன்று, கே. இராஜலிங்கம் இந்தத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்காளர்களை இடாப்பிலிருந்து துடைத்தெறிந்தன. நாடற்றவர் என்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் லயக் காம்பராவும் வேலையும் கைக்காசும் யாரோ ஒருவரின் தயவில் இருந்த காலம் நீண்டது. அப்படிப்பட்ட வாழ்க்கையில், தோட்டப் பாடசாலை வகுப்பறையின் மூலையில் நிற்கும் அந்தக் காட்போட் மறைப்புக்குள் மட்டும் துரையின் கண்ணும் தலைவரின் கண்ணும் எட்டுவதில்லை. பெயரை உரக்க வாசிக்கிறார்கள், விரலில் மை பூசுகிறார்கள், சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள். அதன் பிறகு புள்ளடி இடும் அந்த அரை நிமிடம் அந்தத் தொழிலாளிக்கு மட்டுமே சொந்தம். இந்த அரை நிமிடத்தைக் காப்பாற்றாத எந்தத் தேர்தல் சீர்திருத்தத்தையும் நாம் ஏற்கமாட்டோம்.

இன்றைய பிரச்சினை, அந்த மறைப்பு இங்கே நிற்க, வாக்காளர் கொழும்பில் நிற்பதுதான். தோட்டக் கூலி போதாமல் புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போன பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் ஊர் இடாப்பில்தான் உள்ளன. 2024 செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் என எட்டு மாதத்துக்குள் மூன்று முறை அவர்கள் ஊர் வர வேண்டியிருந்தது. ஜனாதிபதித் தேர்தலில் 79 வீதத்தைத் தாண்டிய நாட்டின் வாக்களிப்பு, எட்டு வாரத்துக்குள் 69 வீதத்தைக்கூட எட்டாமல் சரிந்தது. பயணச் சுமை மட்டுமே இதற்குக் காரணமென்று சொல்வது மிகை. ஆயினும் முதலாளியிடம் மறுபடியும் லீவு கேட்க வாய் வராத ஒரு கடைப் பையனின் நிலையை எண்ணிப் பார்த்தால், அவன் இரண்டாம் முறை வராததை அக்கறையின்மை என்று எப்படிச் சொல்வது? அரச உத்தியோகத்தருக்குத் தபால் வாக்கு உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குத் தகுதி பெற்றிருந்தனர். தேநீர்க் கடையில் கோப்பை கழுவுகிறவருக்கு அப்படி எதுவுமில்லை.

அப்படியானால் தபால் வாக்கை எல்லோருக்கும் விரித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், ஆனால் அந்த வழி ஆபத்தானது. பிரித்தானியாவின் பர்மிங்காமில் 2004 உள்ளூராட்சித் தேர்தலில் நடந்த தபால் வாக்கு மோசடி அடுத்த ஆண்டு தேர்தல் நீதிமன்றத்தில் அம்பலமாகி, ஆறு உறுப்பினர்களின் தெரிவு ரத்தானது. சட்டம் வேரூன்றிய நாட்டிலேயே இந்தக் கதி. முதலாளியின் கடை மாடியிலேயே உண்டு உறங்கும் ஓர் இளைஞனின் வாக்குச்சீட்டு அந்தக் கடை விலாசத்துக்கே தபாலில் வந்தால், அதில் யாருடைய புள்ளடி விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே நாம் கேட்பது தபால் வாக்கை அல்ல, முன்கூட்டிய நேரடி வாக்களிப்பை: தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக, கொழும்பிலும் கம்பஹாவிலும், அதே முகவர்கள், அதே மை, அதே மறைப்பு, அதே முத்திரையிட்ட பெட்டியோடு நிலையங்கள் திறக்கப்பட வேண்டும்.

இது நடவாத காரியமல்ல. தென்கொரியா 2013 முதல் இதைச் செய்துவருகிறது. எந்த ஊர் வாக்காளரும் நாட்டின் எந்த முன்வாக்களிப்பு நிலையத்திலும் நேரில் போய் வாக்களிக்கலாம். 2024 ஏப்ரல் தேர்தலில் அந்நாட்டு வாக்காளர்களில் பத்தில் மூவருக்கும் அதிகமானோர் அவ்வாறு வாக்களித்தனர். நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், தம் சொந்த மாவட்டங்களுக்கான வாக்கைப் புத்தளத்தில் அமைத்த விசேட நிலையங்களில் அளித்திருக்கிறார்கள். மாறாக 2019 நவம்பர் 16இல், வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற பஸ்கள்மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே நாளில், ஒரே பாதையில், இன்னார் இன்ன இடத்துக்கு வாக்களிக்கப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி மக்களை அலைய விடுவதன் விலை அது.

கொழும்பிலேயே பதிந்துகொள்ளட்டுமே என்ற மறுப்பும் எழுகிறது. குடியிருப்பை உறுதிப்படுத்திக் கடைக்காரர் கையெழுத்திட வேண்டும், பலர் இடமாட்டார்கள். அதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. மாவட்டங்களுக்கு ஆசனங்கள் பெரும்பாலும் பதிவுற்ற வாக்காளர் தொகையை வைத்தே பங்கிடப்படுகின்றன. இளைஞர்களெல்லாம் பெயரை மாற்றினால் காணிக்கும் வீட்டுக்கும் குரல் கொடுக்க வேண்டிய கண்டியும் நுவரெலியாவும் மெலியும். தூரத்துக்கேற்ப லீவு கொடுக்கத்தான் ஏற்பாடு இருக்கிறதே என்கிறார்கள். அன்றாடச் சம்பளக்காரருக்கு அந்த லீவு கடுதாசியில்தான் இருக்கிறது. பஸ் காசுக்கு வழியின்றி யாரோ ஏற்பாடு செய்த வேனில் ஏறுகிறவர் ஒரு கடனோடுதான் வாக்களிப்பு நிலையத்துக்குள் நுழைகிறார். இரட்டை வாக்கு விழுமே என்ற அச்சத்துக்குத் தபால் வாக்கு முறையிலேயே விடை உண்டு: முன்கூட்டியே விண்ணப்பித்தவரின் பெயர் ஊர் இடாப்பில் குறிக்கப்பட்டுவிட்டால் அங்கே அவருக்கு மறுபடி சீட்டுக் கிடையாது. செலவு கூடும் என்பது உண்மை. ஆயிரக்கணக்கானோர் இழக்கும் நாட்சம்பளமும் பயணக் காசும் அரசின் கணக்கில் ஏறாததால்தான் இன்றைய முறை மலிவாகத் தெரிகிறது.

ஒரு சிக்கலை மறைப்பது நேர்மையாகாது. உள்ளூராட்சித் தேர்தலில் ஒவ்வொரு சபைக்கும் வேறு வேறு சீட்டு. அவற்றையெல்லாம் கொழும்பில் குவித்துப் பிழையின்றி வழங்குவது கடினம். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சீட்டு. பாராளுமன்றத் தேர்தலுக்கு 22 மாவட்டங்களுக்கு 22 சீட்டுகள்தான். கண்டிப் பெட்டியைக் கண்டிக்கே கொண்டுவந்து, மாவட்டத்தின் தபால் வாக்குகளோடு கலந்து எண்ணினால், எந்தத் தோட்டத்தார் எப்படி வாக்களித்தார் என்று எவராலும் பிரித்தறிய முடியாது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்துக்கும் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்துக்கும் திருத்தங்களைத் தேர்தல்கள் ஆணைக்குழு இந்த ஆண்டே வரைந்து பாராளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் எந்தக் கட்சி வரிசையில் அமர்ந்திருந்தாலும், அவற்றுக்காக ஒன்றாகக் கை உயர்த்த வேண்டும். அடுத்த தேர்தல் அறிவிக்கப்பட்ட பின் சட்டத்தைத் திருத்த நேரமிராது. வேலை இப்போதே தொடங்க வேண்டும்.